குடும்பப் பெயரும் குழாயில் அடைத்த எச்சிலும்

சில வாரங்களுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ரொறன்ரோவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் காலஞ்சென்ற என் நண்பரின் மகன். நண்பர் என் ஊர்க்காரர், என்னிலும் இளையவர். எண்பதுகளின் தொடக்கத்தில், கொழும்பில் நான் துணையாசிரியனாக இருந்த நாளிதழில் பயிலுநராக வந்து சேர்ந்தார். 1983 ஜூலைக்குப் பின் கனடாவுக்குப் போனவர், அங்கேயே வாழ்ந்து சில ஆண்டுகளுக்கு முன் மறைந்தார். தந்தை இருக்கும்வரை ஊரைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்டிராத பிள்ளை, அவர் போன பின்னர் வேர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார். அது இயல்புதான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

"அங்கிள், உங்கட அப்பாவும் கந்தையாதானே?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி" என்றேன்.

"எங்கட குடும்பப் பெயரும் கந்தையா. உலகம் முழுக்க இருக்கிற கந்தையாக்களை டி.என்.ஏ. மூலமாக ஒன்று சேர்க்கிறதுக்கு ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறம். நீங்கள் கொஞ்சம் எச்சில் தந்தால் போதும். குழாயும் அனுப்புறன், காசும் நானே கட்டுறன்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தவறு. அந்தப் பிள்ளையின் மனம் நொந்திருக்கும். அன்று தொலைபேசியில் முழுமையாகச் சொல்ல இயலாமற்போனவற்றை இங்கே எழுதுகிறேன். அவருக்காக மட்டுமல்ல, இத்தகைய குழாய்களை வாங்கிக்கொண்டிருக்கும் நம்மவர் பலருக்காகவும் எழுதுகிறேன்.

* * *

முதலில் இந்த ஆய்வுமுறைக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். அது மோசடியன்று. அதன் அடிப்படை மிக எளிது. ஆணின் உடற்கலங்களில் உள்ள 'வை' குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாற்றமின்றிச் செல்கிறது. ஆங்கிலேயரிடையே குடும்பப் பெயரும் தந்தையிடமிருந்து மகனுக்கே செல்கிறது. இரண்டும் ஒரே பாதையில் பயணிப்பதால், ஒரே குடும்பப் பெயரை உடைய இரு ஆண்களின் 'வை' குரோமோசோம்களை ஒப்பிட்டால், அவர்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களா என்று கணிக்கலாம்.

இதை முதன்முதலில் உலகறியச் செய்தவர்களில் ஒருவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் சைக்ஸ். தம்முடைய குடும்பப் பெயரையே அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். சைக்ஸ் என்ற பெயரையுடைய 48 ஆண்களின் மாதிரிகளைச் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒரே வகையான 'வை' குரோமோசோம் காணப்பட்டது. யோர்க்ஷயர்ப் பகுதியில் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மனிதரிடமிருந்து இப்பெயர் தொடங்கியிருக்கலாம் என்று அவர் முடிவு கட்டினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், குடும்பப் பெயர் ஆய்வுகளுக்கென்றே ஒரு வணிக நிறுவனமும் தோன்றியது. பின்னர் இது பெருந்தொழிலாக வளர்ந்தது.

ஆனால் அதே சைக்ஸ் ஆய்வின் மறுபாதியை எவரும் விளம்பரத்தில் போடுவதில்லை. எஞ்சிய பாதிப்பேர் அந்த மூதாதையின் இரத்த வாரிசுகள் அல்லர். பெயர் அவருடையது, குருதி வேறொருவருடையது. தத்தெடுத்த பிள்ளை, தாயின் பெயரைத் தாங்கிய பிள்ளை, மறுமணத்தில் பெயர் மாறிய பிள்ளை, சொல்லப்படாத உறவில் பிறந்த பிள்ளை என்று தலைமுறைக்கு ஓரிருவர் சேர்ந்தாலே, எழுநூறு ஆண்டுகளில் கணக்கு இப்படித்தான் வரும்.

லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இன்னும் தெளிவானது. பிரித்தானியாவின் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை அவர்கள் சோதித்தார்கள். மிக அரிதான பெயர்களை உடையோரிடையே உறவு நெருக்கமாக இருந்தது. ஸ்மித் போன்ற பரவலான பெயர்களை உடையோரிடையே, தெருவில் போகும் இருவரை நிறுத்திச் சோதித்தால் தெரிவதற்கு மேலான உறவு எதுவும் தெரியவில்லை. ஸ்மித் என்றால் கொல்லன். ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான். ஊருக்கு ஊர் ஸ்மித் தோன்றினான்.

அரசர்களின் கதையும் இதுவே. லெஸ்டர் நகரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கீழே 2012இல் கண்டெடுக்கப்பட்ட எலும்புக்கூடு, 1485இல் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னருடையது என்று நிரூபிக்க உதவியது தாய்வழி மரபணு. தந்தைவழியில் அவருக்கு உறவினர் என்று வம்சாவளி ஏடுகள் காட்டிய ஐந்து ஆண்களைச் சோதித்தபோது, ஒருவருடைய 'வை' குரோமோசோமும் மன்னருடையதோடு பொருந்தவில்லை. அந்த ஐவருக்குள்ளும் ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை. வாழையடி வாழையாக ஏடு எழுதிப் பாதுகாத்த பிரபு குடும்பத்தின் நிலையே இதுவென்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

* * *

இனி நம் கதைக்கு வருவோம். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததா?

என் நண்பரின் தந்தை பெயர் கந்தையா. நண்பர் பெயருக்கு முன்னால் 'க.' என்ற எழுத்து நின்றது. அவ்வளவுதான். நண்பருக்கு மகன் பிறந்தால் அந்த மகனின் பெயருக்கு முன்னால் நண்பரின் பெயரது முதலெழுத்து நிற்க வேண்டும், 'க.' மறைந்துவிட வேண்டும். நம் பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை உதிர்ந்து புதிதாகத் தளிர்ப்பவை. ஐஸ்லாந்து மக்களிடமும் இதற்கு நெருங்கிய வழக்கம் இன்றளவும் இருக்கிறது.

பின்னர் கந்தையா எப்படிக் குடும்பப் பெயரானார்? கடவுச்சீட்டும் குடிவரவு விண்ணப்பப் படிவமும் செய்த வேலை அது. படிவத்தில் 'இறுதிப் பெயர்' என்றொரு கட்டம் இருந்தது. கட்டத்தை வெறுமையாக விட முடியாது. நண்பர் தந்தையின் பெயரை எழுதினார். கனடாவில் பிறந்த மகனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரிலே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு வாத்தியாரின் சொந்தப் பெயர், கனேடிய அதிகாரியின் மேசையில் ஒரு வம்சத்தின் பெயராகிவிட்டது.

நண்பரின் அண்ணன் லண்டனுக்குப் போனவர். அவர் பழைய வழக்கப்படி தம் பிள்ளைகளுக்குத் தம்முடைய பெயரையே பின்பெயராக இட்டார். ஆக, ஒரே பேரனாரின் பேரப்பிள்ளைகள், ஒரே 'வை' குரோமோசோமைச் சுமப்பவர்கள், இரு வேறு 'குடும்பப் பெயர்'களோடு வாழ்கிறார்கள். ரொறன்ரோத் தம்பியின் கந்தையாத் திட்டத்தில் அவருடைய சொந்தப் பெரியப்பாவின் மகனுக்கு இடமில்லை. அவருக்கு எந்த உறவும் இல்லாத எனக்கு இடமுண்டு! என் தந்தை சுருட்டுக் கந்தையா. அவருடைய பேரனார் வாத்தியார் கந்தையா. ஊரில் இன்னும் இரண்டு கந்தையாக்கள் இருந்தார்கள். கந்தன் மீது பக்தியுள்ள ஊர், கந்தையாக்களுக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்றையும் இளைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியார் தம் பிள்ளைகளுக்கு 'ஐயா' என்று முடியும் பெயரை வைக்க ஆதிக்க சாதியார் விடாத காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. கந்தையா என்று வைக்க விரும்பியவனின் பிள்ளை கந்தன் என்றே அழைக்கப்பட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பெயர் எதைச் சொல்கிறது? யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதைச் சொல்கிறது. யாருடைய குருதி யாரிடம் ஓடுகிறது என்பதை அது சொல்லாது.

சரி, எங்கள் நாட்டில் பரம்பரையாக வரும் குடும்பப் பெயர்களே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பெர்னாண்டோ, பெரேரா, சில்வா, குரூஸ். இவற்றைக் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கேயர். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் பரதவர் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். இலங்கையின் கரையோர மக்களும் அவ்வாறே பெற்றார்கள். 1557இல் கோட்டை மன்னன் தர்மபாலனே தொன் ஜுவான் ஆனான். திருமுழுக்கின்போது கிடைத்த பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. தூத்துக்குடிப் பெர்னாண்டோவும், நீர்கொழும்புப் பெர்னாண்டோவும், மொறட்டுவைப் பெர்னாண்டோவும் ஒரே போர்த்துக்கேயத் தகப்பனின் பிள்ளைகள் அல்லர். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், இன்னொருவர் தமிழராயிருந்து சிங்களவரானவர். பெர்னாண்டோக்களைச் சோதித்து ஒரு மூதாதையைத் தேடுபவர், ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரில் மரபணுவைத் தேடுகிறார்.

கிழக்கே போனால் கதை முழுவதும் தலைகீழாகிவிடும். மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடி என்பது தாய்வழி. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. கோயில் உரிமையும் குடிவழியே நின்றது. அங்கே ஒருவர் தம் குடியை அறியத் தந்தைவழிக் குரோமோசோமைச் சோதித்தால், தமக்கு உரிமையில்லாத வீட்டின் கதவைத் தட்டியவராவார்.

* * *

இவ்வளவும் தெரிந்த பின்னரும் ஏன் இந்த ஆசை? கணக்கொன்று சொல்கிறேன். பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒவ்வொருவருக்கும் 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. தந்தைவழிச் சோதனை அவர்களில் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் பேசுகிறது. எஞ்சிய 1,023 பேரும், அவர்களுள் 512 பெண்கள் அத்தனைபேரும், அந்தச் சோதனைக்கு இல்லாதவர்கள். ஆயிரத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு 'இதுவே என் வம்சம்' என்று சொல்வதற்கு விஞ்ஞானம் பொறுப்பல்ல. அது நம் பழைய நோய்.

யாழ்ப்பாணத்தில் வம்சம் என்று ஒருவர் பேசத் தொடங்கினால், அடுத்த வாக்கியத்தில் சாதி வரும். பத்திரிகையில் மணமக்கள் தேவை விளம்பரங்களைப் பல்லாண்டுகள் பார்த்தவன் நான். 'நற்குடும்பம்', 'உயர்குலம்' என்பவற்றை அச்சுக்கோப்பவர் பார்க்காமலே அடுக்கிவிடுவார். அந்தச் சொற்களுக்கு இன்று ஆய்வுகூட முத்திரை தேடுகிறார்கள். புலம்பெயர் நாடுகளில் சிலர் தங்கள் மரபணுக் குழுவின் எழுத்தையும் எண்ணையும் சாதிப் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குழுக்கள் சாதிகள் பிறப்பதற்கு முன்னரே தோன்றியவை. அவை சிங்களவரிடமும், தமிழரிடமும், முஸ்லிம்களிடமும் கலந்தே காணப்படுகின்றன. சாதியையோ மொழியையோ காட்டும் குரோமோசோம் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நான் எச்சில் கொடுத்தால் என் சகோதரர்களின், அவர்களுடைய பிள்ளைகளின் அந்தரங்கத்தையும் சேர்த்தே கொடுக்கிறேன். அவர்களை எவரும் கேட்கவில்லை. 2018இல் கலிபோர்னியாவில் பல்லாண்டுகளாகப் பிடிபடாதிருந்த கொலைகாரன் ஒருவன், தூரத்து உறவினர்கள் வம்சாவளித் தளமொன்றில் ஏற்றியிருந்த மரபணுத் தகவல்கள் வழியாகவே பிடிபட்டான். கொலைகாரன் பிடிபட்டது நல்லதே. ஆனால் அந்த வழி கொலைகாரருக்கு மட்டும் திறப்பதில்லை. 23அண்ட்மீ என்ற பெரிய நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தகவல்கள் திருடப்பட்டமை 2023இல் வெளிவந்தது. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. கோடிக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்கள் ஏலப் பொருளாயின. கடைசியில், அதை நிறுவியவரே அமைத்த இலாபநோக்கற்ற அமைப்பு வாங்கிக்கொண்டது. வேறு எவரும் வாங்கியிருக்கலாம். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகத் தமிழரைத் தேடிய 1983ஐக் கண்ட சமூகம் நாம். பெயர்ப்பட்டியல்களுக்கு அஞ்ச நமக்குக் காரணம் இருக்கிறது.

* * *

அப்படியானால் மரபணுச் சோதனையே வேண்டாமா? வேண்டும். மிக வேண்டும். எதற்கு என்பதுதான் கேள்வி.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பலருடைய பத்திரங்கள் பொய்யானவை என்பது பின்னர் வெளிப்பட்டது. அவர்களிடம் இருக்கும் குடும்பப் பெயர் வளர்த்தவர்களுடையது. பத்திரத்தில் உள்ள தாயின் பெயரோ பொய். அவர்களுக்கு மரபணு ஒன்றுதான் வழி.

ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. கொல்லப்பட்ட தாய்மாரின் குழந்தைகளை ஆட்சியாளருக்கு வேண்டியவர்கள் தங்கள் பெயரில் வளர்த்தார்கள். பாட்டிமார் திரண்டார்கள். 'நம் குருதியைக் கொண்டு பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடிக்க முடியாதா?' என்று விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். மேரி கிளயர் கிங் என்ற அமெரிக்க அறிஞர் தாய்வழி மரபணுவைக் கொண்டு வழி செய்தார். 1987இல் சட்டப்படி ஒரு தேசிய மரபணுத் தரவு வங்கி அமைக்கப்பட்டது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். திருடிய குடும்பப் பெயரைப் பொய்யென்று நிரூபிக்கவே அங்கே மரபணு பயன்பட்டது. பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிசாவில் 1995இல் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேரில் பெரும்பாலானோரின் எலும்புகளுக்கு, உறவினர் கொடுத்த குருதி மாதிரிகளே பெயரை மீட்டுக் கொடுத்தன.

இப்போது ரொறன்ரோத் தம்பிக்கு வருகிறேன். அவருக்கு ஒரு சித்தப்பா இருந்தார். என் நண்பரின் கடைசித் தம்பி. 1996இல், யாழ்ப்பாணம் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பின்னர் நூற்றுக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்களே, அவர்களில் ஒருவர். வயது இருபத்தாறு. சந்தைக்குப் போனவர் திரும்பவில்லை. 1998இல் மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் ஒருவர், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. 2025இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றோடு ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொருளும், பள்ளிக்கூடப் பையொன்றும் வெளிவந்தன.

தம்பி, உங்கள் எச்சில் உலகத்துக் கந்தையாக்களை ஒன்று சேர்க்காது. ஆனால் உங்கள் 'வை' குரோமோசோம்தான் உங்கள் சித்தப்பாவுடையதும். அது மட்டும் போதாது. தந்தைவழி முழுவதற்கும் அது பொதுவானது. அதனோடு ஊரிலே எண்பத்தைந்து வயதில் இருக்கும் உங்கள் அப்பம்மாவின் மாதிரியும் சேர்ந்தால், ஓர் எலும்புக்குப் பெயர் சொல்லக்கூடும். சித்தப்பா அங்கே இல்லை என்றால், இல்லை என்றாவது சொல்லக்கூடும். அப்பம்மா போய்விட்டால் அவருடைய பங்கு அவரோடு போய்விடும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். அவர்களில் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். ஒவ்வொரு சாவோடும் ஒரு சான்று புதைகிறது. ஆகவே கோரிக்கையைத் தெளிவாக வைக்கிறேன். உயிரோடு இருக்கும் தாய், தந்தை, உடன்பிறந்தோரின் மாதிரிகளை இப்போதே எடுத்துப் பாதுகாக்க வேண்டும். அது குடும்பங்கள் நம்பும் சுயாதீனமான, சர்வதேசக் கண்காணிப்புள்ள அமைப்பின் கையில் இருக்க வேண்டும். பாதுகாப்புத் தரப்பின் கைக்கு அது போகக்கூடாது. எலும்புகளோடு ஒப்பிடுவதற்கன்றி வேறெதற்கும் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டம் சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகளின் மாதிரிகளையும் ஏற்கும் ஏற்பாடு வேண்டும். காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2016இல் நிறைவேறியது. அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. படிவம் நிரப்பி அலுத்த தாய்மாருக்கு அதற்குப் பின்னரும் படிவங்களே கிடைத்துக்கொண்டிருந்தால், அந்த அலுவலகம் எதற்கு?

புலம்பெயர் அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. குடும்பப் பெயர்த் திட்டத்துக்குச் செலவிடும் பணமும் ஊக்கமும் இருக்கிறது. சட்டத்தரணிகளும் மருத்துவர்களும் மரபணு படித்த பிள்ளைகளும் உங்களிடம் இருக்கிறார்கள். ஒரு ஊருக்கு, ஒரு சங்கம், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் யார், எங்கே இருக்கிறார்கள், மாதிரி தர யாருக்குச் சம்மதம் என்ற விபரத்தையாவது, குடும்பங்களின் ஒப்புதலோடு திரட்டுங்கள். அது பாதி வேலை.

இவற்றின் சுருக்கத்தை அன்று தொலைபேசியில் சொன்னபோது, தம்பி நெடுநேரம் பேசவில்லை. இணைப்புத் துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"சித்தப்பாவைப் பற்றி அப்பா ஒரு நாளும் கதைக்கேல்லை, அங்கிள்" என்றார் கடைசியில்.

கதைத்திருக்க மாட்டார். என் நண்பரை எனக்குத் தெரியும். தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போயிருக்கலாமே என்ற எண்ணத்தோடு வாழ்ந்து முடிந்தவர் அவர்.

"எனக்குக் குழாய் அனுப்ப வேண்டாம், தம்பி. சுருட்டுக் கந்தையாவின் மகன் உங்களுக்கு உறவில்லை. விமானச்சீட்டு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கோ. அப்பம்மாவின் பக்கத்தில் இருந்து, சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கோ" என்றேன்.

போவதாகச் சொல்லியிருக்கிறார்.